மிஷின் தப்பு செய்யாத ஊர்

'நான்கு பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்று லிஃப்டின் நெற்றியில் எழுதியிருந்தது. அர்ஜுனன் அதைச் சத்தமாகவே படித்தார். படித்துவிட்டு, "எல்லாரும் ஏறுங்க" என்றார்.

வந்தவர்கள் ஐந்து பேர். கூரத்திலிருந்து கல்யாணப் பெண் சுகாசினி, அவளை வளர்த்த தாய்மாமன் அர்ஜுனன், அவர் மனைவியான அத்தை. மாகறலிலிருந்து மாப்பிள்ளை லோகு, அவன் அம்மா கங்கையம்மாள். முகூர்த்தப் புடவை எடுப்பதற்காகப் பெரிய காஞ்சிபுரத்தின் அந்தப் பட்டுக்கடை வாசலில் இரண்டு வீடும் சேர்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் மூன்றாவது மாடிக்குப் போய் ஒரு புடவையையாவது கையில் எடுத்து 'இதுதான்' என்று சொல்லிவிட வேண்டும் என்று அர்ஜுனன் பறந்துகொண்டிருந்தார்.

"நானும் லோகுவும் மொதல்ல போறோம்ணே. நீங்க மூணு பேரும் அப்புறமா வாங்க" என்றாள் கங்கையம்மாள்.

"மூணு பேரா?" என்று அத்தை கன்னத்தில் கை வைத்தாள். "நல்ல காரியத்துக்கு யாராச்சும் மூணு பேரா போவாங்களா, சம்பந்திம்மா?"

"அப்ப நீங்க நாலு பேரும் போங்க. நான் படியில வந்துர்றேன்" என்றான் லோகு.

"நல்லாருக்குதே! மாப்ள ஒத்தையா படியேறி வர்றதுக்கா கூட்டிக்கினு வந்தேன்?" அர்ஜுனன் அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். "ஏறுப்பா. நாலுன்னு போட்டா ஆறு தாங்கும். எல்லாம் ஒரு கணக்குதான்."

அப்படி ஒரு கணக்கு கிடையாது என்பது லோகுவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தான். சொன்னால், 'உனக்கு எப்பிடிப்பா தெரியும்?' என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போகிற எந்தப் பேச்சையும் பல வருடமாகத் தாண்டிப் போய்ப் பழகிவிட்டான். வாயை மூடிக்கொண்டு ஏறினான்.

லிஃப்ட் நகரவில்லை. 'பீப் பீப்' என்று கத்தியது. அத்தை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தாள். அப்போதும் கத்தியது.

விற்பனையாளர் முத்துக்குமார் ஓடி வந்தான். காலையில் வந்த முதல் கல்யாணக் கோஷ்டியை இழக்க அவனுக்கு மனமில்லை. "அது சும்மா கத்தும் சார்" என்று பொத்தான் பலகையில் ஒரு சாவியைப் போட்டுத் திருகினான். சத்தம் நின்றது. "நீங்க போங்க, நான் படியில ஓடி வந்துர்றேன்."

கண்ணாடிக் கூண்டு மேலே கிளம்பியது. கீழே ஆட்டோக்களும் பஸ்களும் சின்னதாகிக்கொண்டே போயின. முதல் மாடி போயிற்று. இரண்டாவது மாடியும் போயிற்று. மூன்றாவது மாடி வருவதற்குள் விளக்கு அணைந்தது. தூக்கிப் போட்டாற்போல் ஒரு குலுங்கல். அத்தை, "ஏகாம்பரநாதா!" என்று கத்தினாள். கூண்டு நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் ஓடி விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. லிஃப்ட் மட்டும் அசையவில்லை.

"ட்ரிப் ஆயிடுச்சு சார்!" கீழேயிருந்து முத்துக்குமாரின் குரல் வந்தது. "லிஃப்ட் ஆளுக்குப் போன் பண்ணியாச்சு. வாலாஜாபாத்துலேர்ந்து வர்றாரு!"

"வாலாஜாபாத்தா?" அர்ஜுனன் கடிகாரத்தைப் பார்த்தார். "அவன் வந்து சேர்றதுக்குள்ள ராகு காலமே முடிஞ்சிரும்."

தெருவில் இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவன் கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்க ஆரம்பித்தான். லோகு தெருப்பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். அவன் சட்டை நனைந்திருந்தது. சுகாசினி கவனித்தாள்.

"ன்னாங்க, பயமா?" என்றாள் மெதுவாக.

"இல்ல. புழுக்கம்."

"காத்தாடி சுத்திக்கினுதான இருக்குது" என்று சிரித்தாள்.

அர்ஜுனனால் சும்மா நிற்க முடியாது. இரண்டு வாடகைக் கார் வைத்து ஓட்டுகிறவர். எதைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் கைபேசியை எடுத்துத் தேடுவார். எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியம்தான் அவருக்கு வேதம். பேச்சில் யாராவது மறுத்தால், "கலைக்களஞ்சியத்துலயே போட்டிருக்குது" என்று வாயை அடைத்துவிடுவார்.

"நீ எதுக்குடி அழற?" என்று மனைவியை அதட்டினார். "இதெல்லாம் சகஜம். தீம் பார்க்ல எத்தினி ராட்டினம் இப்பிடி நின்னு போயிருக்குது தெரியுமா? இரு, காட்டறேன்."

கங்கையம்மாள் மகனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்த்தாள்.

"தோ வந்துருச்சு. 'பொழுதுபோக்குப் பூங்கா விபத்துகள்.' எம்மாம் பெருசு பாரு!" அர்ஜுனன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாசித்தார். "'தடத்தில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் பெட்டி நடுவழியில் நின்றது. பயணிகள் பத்திரமாக மீட்கப்பட்டனர்.' இது வெளிநாடு. அடுத்தது... 'உணர்கருவி பழுதடைந்ததால் சவாரி தலைகீழாக நின்றது.' தலைகீழாம்! நாம நேராத்தான நின்னுக்கினு இருக்கோம்?"

"மாமா, சார்ஜ் தீந்துரும்" என்றான் லோகு.

"நெறைய இருக்குது மாப்ள. அட, நம்ம ஊரும் இருக்குது! 'வெள்ளிமேகம் பொழுதுபோக்குப் பூங்கா, தமிழ்நாடு. ஆபரேட்டரின் கவனக்குறைவால் கோபுர ராட்டினம் நடுவானில் நின்றது. பயணி ஒருவர் கீழே விழுந்து இறந்தார். ஆபரேட்டர் எம். லோகேஸ்வரன், வயது இருபத்து நான்கு, கைது செய்யப்பட்டார்.'" அவர் தலையைத் தூக்கினார். "பார்றா! உன் பேரு மாதிரியே இருக்குது மாப்ள."

"ஊருக்குள்ள லோகேஸ்வரனுக்கா பஞ்சம்?" கங்கையம்மாள் முந்திக்கொண்டாள். "எங்க தெருவுலயே நாலு இருக்குதுங்க."

"அது சரி. பாவி, ஒரு உசுரை எடுத்துட்டானே. இந்த மாதிரி ஆளை வெளியவே விடக் கூடாது." அர்ஜுனன் அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

அந்த மூன்று வரிகளும் லோகுவுக்கு மனப்பாடம். அவற்றில் எழுதாமல் விட்டதும் அவனுக்குத் தெரியும்.

அன்றைக்கு ராட்டினம் மேலே ஏறும்போது கம்பி வடம் உராய்கிற சத்தம் மாறியது. சிவப்புப் பொத்தானை அழுத்தினான். ராட்டினம் பாதி உயரத்தில் நின்றது. உட்கார்ந்திருந்தவர்களில் ஓர் இளைஞன் பொறுமையிழந்து தடுப்புக் கம்பியை நெம்பிவிட்டு ஏணியில் இறங்கப் பார்த்தான். பிடி தவறியது. மாலையே பூங்கா நிர்வாகம், அனுமதி இல்லாமல் ஆபரேட்டர் நிறுத்தியதுதான் காரணம் என்றது. அப்படியே செய்தியாக வந்தது. செய்தி அப்படியே கலைக்களஞ்சியத்தில் ஏறியது.

இரண்டு வருடம் கழித்து நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. வடம் தேய்ந்து போயிருந்ததும், அவன் நிறுத்தியது சரி என்பதும் தீர்ப்பில் இருந்தன. அன்றைக்கு நிருபர் ஒருவரும் வரவில்லை.

அவன் தானே கலைக்களஞ்சியத்தில் 'பின்னர் விடுதலை செய்யப்பட்டார்' என்று ஒரு வரி சேர்த்தான். டீ குடித்து முடிப்பதற்குள் அதைக் காணோம். 'நம்பகமான ஆதாரம் இல்லை' என்று காரணம் எழுதியிருந்தது. தீர்ப்பைப் படம் எடுத்துப் போட்டான். 'இது எந்தப் பத்திரிகையில் வெளியானது?' என்று கேட்டார்கள். எந்தப் பத்திரிகையிலும் வெளியாகவில்லை. மறுபடி மறுபடி எழுதினான். கடைசியில் அவனை விஷமி என்று சொல்லி எழுத விடாமல் பூட்டிவிட்டார்கள்.

ஒரகடத்தில் அவன் ஒப்பந்த ஆளாக வேலை பார்க்கிற தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்கு நேர்காணல் வந்தபோது, அதிகாரி எதுவும் பேசாமல் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். அதே மூன்று வரிகள். அதற்குப் பிறகுதான் லோகேஸ்வரன் எல்லா இடத்திலும் லோகு ஆனான்.

"நான் எறங்கறேன்" என்றார் அர்ஜுனன்.

லோகு திடுக்கிட்டு நிமிர்ந்தான். அர்ஜுனன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லிஃப்டின் கதவில் விரலைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். கதவு பிளந்தது. எதிரே மேல்பாதி முழுக்கச் சிமென்ட் சுவர். கீழே ஒரு ஆள் நுழைகிற அளவு இடைவெளி. வெளிக்கதவை முத்துக்குமார் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தான். இரண்டாவது மாடியில் நின்றபடி அண்ணாந்து பார்த்தான்.

"ஒக்காந்து காலை விட்டுக் குதிங்க சார். நான் புடிச்சுக்கறேன். ஒரு ஆள் உயரம்கூட இல்ல."

"தோ. இவ்ளோதான் விசயம்" என்றார் அர்ஜுனன். "நான் போயி ஒரு புடவையைத் தொட்டு எடுத்து வைக்கறேன். நீங்க நிதானமா வாங்க. மணி பத்து இருவதுதான் ஆவுது."

அவர் தரையில் உட்கார்ந்து கால்கள் இரண்டையும் வெளியே நீட்டினார். லோகுவுக்கு அவர் காலுக்கு எதிரே இருந்த முத்துக்குமார் தெரியவில்லை. காலுக்குக் கீழே, கூண்டின் அடிக்கும் மாடித் தரைக்கும் நடுவே வாயைப் பிளந்துகொண்டிருந்த கறுப்புப் பள்ளம்தான் தெரிந்தது. குதிக்கிறவன் முன்னால் போய் விழுந்தால் தப்பித்தான். உடம்பு பின்னால் சாய்ந்தால் நேராகப் பள்ளம்.

"மாமா, வேணாம். உள்ள வாங்க."

"ஓடற லாரியிலேர்ந்து குதிச்சவன்பா நானு. விடு."

"அந்த ஆள் வர்ற வரைக்கும் இப்பிடியே இருந்தா ஒண்ணும் ஆவாது. எறங்கறப்பதான் ஆவும்." அவன் குனிந்து அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டான்.

"ன்னா மாப்ள இது? சட்டைய விடு, கிழிஞ்சிரும். நல்ல நாளும் அதுவுமா..." அர்ஜுனன் கையை ஊன்றி இன்னும் முன்னால் நகர்ந்தார். இடுப்பு விளிம்புக்கு வந்துவிட்டது.

"நான் பாத்திருக்கேன் மாமா. ஒருத்தன் இப்பிடித்தான் எறங்கினான்."

"எங்க பாத்த?"

வந்துவிட்டது. கங்கையம்மாளின் விரல்கள் அவன் முழங்கையை அழுத்தின. "லோகு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சுகாசினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு பொய் போதும். சினிமாவில் பார்த்தேன் என்று சொல்லலாம். மாமா சிரித்துவிட்டுக் குதிப்பார். குதித்து ஒருவேளை நன்றாகவே நிற்கவும் நிற்பார். கல்யாணமும் நடக்கும்.

அன்றைக்கும் கீழே நின்று கத்தினான். மைக் வேலை செய்யவில்லை. குரல் மேலே போகவில்லை. இன்றைக்கு இந்த ஆளின் காது ஒரு முழ தூரத்தில் இருக்கிறது.

"இப்ப படிச்சீங்களே மாமா. வெள்ளிமேகம் பார்க். அந்த லோகேஸ்வரன் நான்தான்."

அர்ஜுனனின் உடம்பு அப்படியே நின்றது.

"ராட்டினத்தை நிறுத்தினது நான்தான். அந்தப் பையன் எறங்கறப்ப கீழ நின்னு பாத்தவனும் நான்தான். அவனும் நேரா குதிச்சிரலாம்னுதான் நெனச்சான். உள்ள வாங்க மாமா. அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க."

அர்ஜுனன் மெதுவாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கால்களுக்கு நடுவே கீழே பார்த்தார். இப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. கால்களை அவசரமாக உள்ளே இழுத்தார். இழுத்த வேகத்தில் வலது கால் செருப்பு நழுவியது. அது மாடித் தரையில் விழவில்லை. பள்ளத்துக்குள் போயிற்று. சற்றுக் கழித்துத்தான் கீழே 'டப்' என்று கேட்டது.

அத்தை கதவை இழுத்துச் சாத்தினாள்.

வேறு இடமாக இருந்தால் இந்நேரம் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பார். ஒருவர் பின்னாலேயே ஓடிச் சமாதானம் சொல்லியிருப்பார். இங்கே போக இடமில்லை. ஒருவர் முழங்கை மற்றவர் விலாவில் இடித்தது. யார் முகத்தைத் திருப்பினாலும் இன்னொரு முகத்தில்தான் போய் முட்ட வேண்டியிருந்தது.

"சம்பந்திம்மா, உங்களுக்குத் தெரியுமா இது?" அத்தைதான் முதலில் கேட்டாள்.

"தெரியும்மா. சொல்லாதடான்னு வாயைக் கட்டினவளே நான்தான்." கங்கையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போன வருசம் ஒரு எடம் வந்துச்சு. உள்ளதை உள்ளபடி சொன்னோம். கோர்ட்டு விட்டுருச்சுன்னு காயிதத்தையும் காட்டினோம். இவன் பேரை அவங்க போன்ல தட்டிப் பாத்தாங்க. குடிச்சிக்கினு இருந்த காபியப் பாதியில வெச்சிட்டு எழுந்து போயிட்டாங்க."

"கோர்ட்டு விட்டுருச்சா?" அர்ஜுனன் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார். "கலைக்களஞ்சியத்துல அப்பிடிப் போடலியே. படிச்சவங்க எழுதறதும்மா அது. தப்பா இருக்குமா?"

"போனைக் குடு மாமா" என்றாள் சுகாசினி.

அவள் வேலை பார்ப்பது இ-சேவை மையத்தில். நாள் முழுக்கத் திரையில் அடுத்தவர்களின் விவரங்களைச் சரி பார்க்கிறவள். பக்கத்தை மேலும் கீழும் தள்ளி நிதானமாகப் படித்தாள். லோகு அவள் கட்டைவிரல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த இடத்தில் அது நின்றது, எங்கே திரும்பி மேலே போனது என்று அவனால் சொல்ல முடியும்.

"வெளிநாட்டுலயும் செத்திருக்காங்க மாமா" என்றாள் கடைசியில். "ஒவ்வொண்ணுக்கும் முழுக் கதை எழுதியிருக்குது. எந்த போல்ட் ஒடஞ்சிது, அதை யாரு செஞ்சா, விசாரணையில என்ன சொன்னாங்க, மேல் கோர்ட்ல என்ன ஆச்சு, எல்லாம் இருக்குது. ஓட்டின ஆளு பேரு மட்டும் ஒரு எடத்துலயும் இல்ல."

"அதுக்கு?"

"நம்ம ஊர் பார்க்குங்களைப் பாரு. இது, அதுக்குக் கீழ இது, இதுவும். எல்லாமே ரெண்டு மூணு வரிதான். எல்லாத்துலயும் ஓட்டினவன் பேரு, வயசு, கைது. அதோட முடிஞ்சிது. அங்கல்லாம் மிஷினு தப்பு பண்ணுது. இங்க மட்டும் மிஷினு தப்பே பண்றதில்ல, ஆளுதான் பண்றான். அது எப்பிடி மாமா?"

அர்ஜுனன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"படிச்சவங்கதான் எழுதணும்னு இல்ல. யாரு வேணா எழுதலாம். தோ, நானே எழுதறேன் பாரு." அவள் விறுவிறுவென்று தட்டினாள். திரையை மாமாவிடம் காட்டினாள். 'பின்னர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது' என்று ஒரு வரி புதிதாக இருந்தது.

"அட!" அர்ஜுனனின் வாய் பிளந்தது. "அவ்ளோதானா? இதையா நான் இத்தினி நாளு..."

"இருக்காது" என்றான் லோகு.

"எது?"

"கொஞ்ச நேரம் கழிச்சிப் பாருங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடி திறந்தாள். அந்த வரி இல்லை. 'ஆதாரம் தரப்படவில்லை' என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

"எவன்டா அவன்?" அர்ஜுனனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் தங்கச்சி பொண்ணு எழுதினதை எவன்டா அழிக்கறது? நாங்க இங்க லிஃப்ட்ல மாட்டிக்கினு கீறோம், அவன் எங்கியோ ஒக்காந்துக்கினு..."

"அவரு மேல தப்பு சொல்ல முடியாது மாமா. பேப்பர்ல வந்திருக்கணும்னு கேக்கறாரு. என்னைப் புடிச்ச அன்னிக்கு எல்லா பேப்பர்காரங்களும் வந்தாங்க. விட்ட அன்னிக்கு நானும் எங்க அம்மாவும்தான் இருந்தோம்."

சுகாசினி கைபேசியை மாமாவிடம் கொடுத்தாள். பிறகு லோகுவின் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் வந்த 'நீங்க' அவள் வாயில் இப்போது வரவில்லை.

"மூணு மாசமா தெனம் ராத்திரி பேசினியே. உனக்கு என்ன கொழம்பு புடிக்கும், எனக்கு என்ன கலரு புடிக்கும்னு. இதைச் சொல்ல ஒரு நாள்கூட வாய் வரலியா?"

"சொன்னா நீ போயிருவன்னு நெனச்சேன்."

"ஊரு உலகமெல்லாம் பாக்கற மாதிரி எழுதி வெச்சிருக்கான். நான் பாக்க மாட்டேன்னு நெனச்சியா? கல்யாணத்துக்கப்புறம் எவனாச்சும் வந்து என்கிட்ட காட்டியிருந்தா? அப்ப நான் எங்க போயி நிப்பேன்?"

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பப் போனான். தெருவில் கூட்டம் அதிகமாகியிருந்தது. இன்னும் நாலைந்து கைபேசிகள் உயர்ந்திருந்தன. திரும்பாமல் அவள் முகத்தைப் பார்த்தபடியே நின்றான்.

"தப்புதான்" என்றான்.

"ம்" என்றாள்.

பத்தரை ஆயிற்று. ராகு காலம் பிறந்ததை அத்தை ஒரு பெருமூச்சால் அறிவித்தாள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கங்கையம்மாளுக்குக் கால் வலித்தது. அர்ஜுனன் நகர்ந்து அவளுக்கு உட்கார இடம் விட்டார்.

ஒருவழியாக லிஃப்ட் ஆள் வந்தார். மொட்டை மாடியில் ஏதோ சக்கரத்தைக் கையால் சுற்றினார். கூண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இரண்டாவது மாடித் தரைக்குச் சமமாக நின்றது. கதவு திறந்தது. கடை ஆட்கள் தண்ணீர் பாட்டிலும் மன்னிப்புமாக நின்றிருந்தார்கள்.

அர்ஜுனன்தான் முதலில் வெளியே வந்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். நாலு எட்டு நடந்தவர், திரும்பி வந்து கதவு விளிம்பில் நின்று, கூண்டுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த கோடு போன்ற இடுக்கை எட்டிப் பார்த்தார்.

"ன்னா சத்தம்பா அது?" என்று கேட்டார்.

லோகுவுக்குப் புரியவில்லை. "எது மாமா?"

"அந்த ராட்டினத்துல. ஏதோ சத்தம் கேட்டுத்தான நிறுத்தியிருப்ப. சும்மாவா ஒருத்தன் நிறுத்துவான்?"

போலீஸும் நிருபர்களும் அந்த அதிகாரியும் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். ஏன் நிறுத்தினாய் என்று அதட்டியிருக்கிறார்கள். என்ன கேட்டது என்று யாரும் கேட்டதில்லை.

"வடம் உராயற சத்தம் மாமா. தெனம் கேக்கறதுதான். அன்னிக்கு நடுவுல நடுவுல நரநரன்னு வந்துச்சு."

அர்ஜுனன் தலையை ஆட்டிக்கொண்டார். எதை ஒப்புக்கொண்டார் என்று சொல்லவில்லை. மனைவியைப் பார்த்து, "நான் போயி ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கினு வர்றேன். சம்பந்திம்மாவுக்கு டீ வாங்கிக் குடு. பன்னெண்டு மணிக்கு மேல புடவை பாப்போம். படியில ஏறித்தான் பாப்போம்" என்றார்.

"எடுக்கறோமா, இல்ல சும்மா பாக்கறோமா?" என்றாள் அத்தை.

"அதை ஏன் என்னைக் கேக்கற? கட்டிக்கப் போறவளைக் கேளு." அவர் விந்தி விந்தி இறங்கிப் போனார்.

அத்தை சுகாசினியைப் பார்த்தாள். கங்கையம்மாளும் பார்த்தாள். லோகு இன்னும் லிஃப்டுக்குள்தான் நின்றிருந்தான்.

"அந்தக் கலைக்களஞ்சியத்துல உங்க பேரு இருந்துக்கினேதான் இருக்கும்" என்றாள் சுகாசினி, கதவுக்கு வெளியே நின்றுகொண்டு. 'நீங்க' திரும்பி வந்திருந்தது. "நாளைக்கு ஏதாச்சும் பேப்பர்ல வந்தா மாறும். வராமலே போனாலும் போவும். கல்யாணத்துக்கு வர்றவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, நம்ம புள்ளைங்க படிக்கற ஸ்கூல்ல இருக்கறவங்க, எவனாச்சும் ஒருத்தன் தேடுவான். ஒளிஞ்சிக்கினே இருக்கறவனோட என்னால குடும்பம் நடத்த முடியாது. ஒவ்வொருத்தன்கிட்டயும் நீங்களே சொல்லுவீங்களா?"

"ஒவ்வொருத்தன்கிட்டயுமா?"

"ஆமா. தெனம் ஒருத்தன்னாலும்."

அவன் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். முத்துக்குமார் புடவை அடுக்குகளில் சாய்ந்து நின்றிருந்தான். முதலில் கதவு திறந்திருந்தபோது லோகு சொன்னதை அவன் கேட்டிருக்க வேண்டும். கையில் கைபேசி. திரையைப் பார்ப்பதும் லோகுவைப் பார்ப்பதுமாக இருந்தான்.

அந்தப் பார்வையை லோகுவுக்கு நன்றாகத் தெரியும். வழக்கமாக அதைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கத்துக்கு மாறிவிடுவான்.

லிஃப்டை விட்டு வெளியே வந்தான். சுகாசினியைத் தாண்டி நேராக முத்துக்குமாரிடம் போனான். முத்துக்குமார் அவசரமாகக் கைபேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஒளிக்காதப்பா. நீ படிக்கறது என்னைப் பத்தித்தான்" என்றான் லோகேஸ்வரன். "பன்னெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்குது. ஒக்காரு, சொல்றேன்."